கத்திரிக்கோல் படாத சட்டை

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமைக் காலைப் பூசை முடிந்து சனம் கலைந்ததும் நிறஞ்சலா கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தைத் திறந்தாள். கதிரைகளை ஓரமாக அடுக்கினாள். நிலத்தைக் கூட்டினாள். கூரை வளையில் கயிறு கட்டுவதற்கு ஏணியில் ஏறி நின்றவன் அவளுடைய தம்பி கிறிஸ்ரி.

"இன்னும் கொஞ்சம் உயத்திக் கட்டடா. பாய் நிலத்திலை தொட்டா அண்ணன் எழும்பி வந்து ஏசுவான்."

"வரட்டும். வந்தா முதலிலை என்னட்டை வாங்கின மணிக்கூட்டைத் தரச் சொல்லு."

"செத்தவனோடையும் கணக்கோ உனக்கு?"

"செத்ததோடை கணக்கு முடியிறதெண்டா நல்லாத்தான் இருக்கும்," என்றான் கிறிஸ்ரி.

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்புச் சரியாக வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவனுக்குச் சிரிப்புச் சரியாக வருவதில்லை என்பதை நிறஞ்சலா கவனித்திருந்தாள். கார்த்திகை மாதம், கத்தோலிக்கருக்கு மரித்த ஆன்மாக்களின் மாதம். அண்ணனின் நினைப்பாக்கும் என்று விட்டுவிட்டாள்.

அண்ணன் கொன்ஸ்ரன்ரைனை மன்னார் தாழ்வுபாட்டில் எல்லோரும் ஓவியர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவன் தூரிகை பிடித்தது குறைவு. அவன் தைத்தவன். வள்ளத்தின் பாய்மரத்தில் ஏற்றுகிற பாயைப் போலவே பெரிய பெரிய பாய்களாகத் தைத்தான். கடலில் போனவர்கள், இடம்பெயர்வில் தொலைந்தவர்கள், கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராதவர்கள் ஆகியோரின் உடுப்புகள்தான் அந்தப் பாய்களின் துணி. வீட்டார் தாங்களாகவே கொண்டுவந்து கொடுப்பார்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் அந்தப் பாய்களைத் தொங்கவிட்டு, படித்த சனம் முன்னால் நின்று கண்ணைத் துடைத்தது.

அவனிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. எந்த உடுப்பிலும் கத்திரிக்கோல் வைக்கமாட்டான். சட்டை என்றால் கையை விரித்து, முழுதாக, கிடந்தபடியே வைத்து வலை நூலால் சுற்றித் தைப்பான். "ஒரு தாய் முழுசாத் தந்ததை நான் துண்டாக்கிறதோ?" என்பான்.

கொரோனாக் காலத்தில் அவன் போய்விட்டான். மூடிய பெட்டியாகத்தான் ஊருக்கு வந்தான். அவனைப் பராமரித்த நிறஞ்சலாவைத் தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைத்திருந்ததால் அந்தப் பெட்டியைக்கூட அவள் பார்க்கவில்லை. அவள் வீடு திரும்பியபோது, கடற்கரையில் அண்ணன் தைத்துக்கொண்டிருந்த கொட்டிலின் பூட்டு உடைந்து கிடந்தது. அவனுடைய கடைசிப் பாய் இல்லை. களவு போய்விட்டது என்று பொலிசில் முறைப்பாடு கொடுத்தவர் அவளுடைய கணவர் றொஷான்.

போன மாதம் அந்தப் பாய் கொழும்பில் ஒரு கலைக்கூடத்தில் தலைகாட்டியது. யாரோ தரகர் கொண்டுவந்து கொடுத்தாராம். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று அதைக் கேட்டிருக்கிறது. கொடுப்பதற்கு முன்னர், இது கொன்ஸ்ரன்ரைனின் கைவேலைதான் என்று அவனுடைய குடும்பம் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். அதற்காகத்தான் இன்று பாய் ஊருக்கு வருகிறது.

போன் வந்த அன்று நிறஞ்சலா குசினி நிலத்தில் இருந்து அழுதாள். றொஷான் பக்கத்தில் குந்தியிருந்து அவளுடைய முதுகைத் தடவிவிட்டார்.

இன்று அவரும் மண்டபத்துக்கு வருவதாக இருந்தது. விடியப் பார்த்தால் வலையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார்.

"இண்டைக்குமோ கடல்?" என்று கேட்டாள்.

"மீன் படுற நாளிலை விடேலாது நிறா. நீ பாத்தா நான் பாத்த மாதிரித்தானே."

* * *

வெள்ளாங்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள் அருள்நாயகி. அறுபதைத் தாண்டியவள். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. பைக்குள் நிறஞ்சலாவுக்கென்று கொண்டுவந்த முருங்கைக்காய்.

இவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இவளுடைய ஒரே மகள் மெற்றில்டா, சண்டையின் கடைசி மாதங்களில் சனத்தோடு நடந்துகொண்டிருந்தபோது காணாமல் போனாள். எஞ்சியது அவளுடைய புதுநன்மைச் சட்டை ஒன்றுதான். முதன்முதல் நற்கருணை வாங்கிய அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டை. அதை அருள்நாயகி ஒவ்வொரு இடப்பெயர்விலும் மார்போடு கட்டிக்கொண்டு வந்தவள். பிறகு ஒருநாள் தானாகவே கொண்டுவந்து கொன்ஸ்ரன்ரைனின் கையில் கொடுத்தாள். அவன் அதைக் கடைசிப் பாயின் நடுவில் வைத்தான்.

பாய் காணாமல் போன பிறகு, கொன்ஸ்ரன்ரைனின் நினைவுப் பூசைக்கு ஒவ்வொரு வருடமும் வருவாள். வந்து ஒரே கேள்வியைக் கேட்பாள்: "பாய் கிடைச்சதோ பிள்ளை?"

இன்று கேட்கவில்லை. கொண்டையைச் சரிசெய்துகொண்டு, "முகம் கழுவ எங்கை தண்ணி?" என்றுதான் கேட்டாள்.

வெள்ளை வான் மண்டப வாசலில் வந்து நின்றது. இறங்கியவள் இர்ஷானா, கலைக்கூடத்திலிருந்து வந்த பெண். தலையை மூடிய சால்வை, காலில் சப்பாத்து. சலாம் சொல்வதற்கு வாயெடுத்து, பிறகு "வணக்கம் அக்கா" என்றாள்.

"பயணம் எப்பிடி?" என்றாள் நிறஞ்சலா.

"ரோட்டு நல்லம். தாம்போதிப் பாலத்தில மட்டும் கழுதைகள் வழி விடல்ல. டிரைவர் கோன் அடிச்சுக் களைச்சுப் போனாரு."

"அதுகளுக்கு கோன் கேளாது. இறங்கிப் போய்க் கும்பிடவேணும்."

இர்ஷானா சிரித்தாள். "தெரியும் அக்கா. எங்கட உம்மாட ஊரு மறிச்சுக்கட்டி, இஞ்ச பக்கம்தான். சின்னதில லீவுக்கு வந்திருக்கன்."

கிறிஸ்ரியும் வான் சாரதியும் பெரிய சுருளைத் தூக்கிவந்து கயிற்றில் கொளுவினார்கள். பாய் மெல்ல இறங்கி விரிந்தது. சாரங்கள், பள்ளிக்கூடச் சட்டைகள், ஒரு சேலை, ஒரு குழந்தையின் பெனியன். எல்லாம் கை விரித்தபடி முழுதாக. நடுவில் வெள்ளைச் சட்டை.

கிறிஸ்ரி அதற்கு மேல் நிற்கவில்லை. வானில் ஏதோ எடுக்கவேண்டும் என்று வெளியே போனான்.

அருள்நாயகி நேரே நடுவுக்குப் போனாள். கையை நீட்டினாள், இழுத்தாள், மறுபடி நீட்டினாள். சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைத் தடவினாள். முகத்தை அதில் வைத்தாள்.

வெகுநேரம் அப்படியே நின்றாள். இர்ஷானா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மணம் போயிட்டுது," என்றாள் அருள்நாயகி. "இவ்வளவு காலம் எல்லே. எத்தினை கை மாறிச்சோ."

பிறகு குனிந்து சட்டையின் அடி விளிம்பைக் கையில் எடுத்தாள். அங்கே அகலமான லேஸ் ஓடியது. அவள் விரல் அதிலே நின்றது.

"லேஸ் வைச்சனானோ?" என்று தனக்குள் கேட்டாள். "லேஸ் வாங்க எனக்கு அப்ப எங்கை… இல்லை, வைச்சிருப்பன். வைச்சிருக்கிறன்தானே, இஞ்சை கிடக்கு." நிறஞ்சலாவைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியோ பிள்ளை, பெத்த பிள்ளைக்குத் தைச்ச சட்டையையே மறந்துபோனன். என்ன தாய் நான்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா," என்று நிறஞ்சலா பக்கத்தில் போனாள். அவளுடைய கையைப் பிடிப்பதற்குக் குனிந்தாள்.

குனிந்தவள் லேஸைக் கண்டாள். லேஸைத் துணியோடு பிடித்த மெஷின் தையலைக் கண்டாள்.

பாதித் தூரம் வெள்ளை நூல். பிறகு சந்தன நிற நூல்.

நிறஞ்சலா அருள்நாயகியின் கையைப் பிடிக்கவில்லை. மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா? ஏதும் பிழையா?" என்றாள் இர்ஷானா.

"இல்லை. சாப்பிடாமல் வந்தனான். தலை சுத்துது."

"இருங்க, இருங்க." இர்ஷானா கதிரை கொண்டுவந்து போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அவசரமில்ல அக்கா. ஆனா ஒண்டு சொல்லோணும். இது களவு போன பாய்தான் எண்டா, சட்டப்படி உங்களுக்குத்தான் சேரும். விக்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம். போலி எண்டு தெரிஞ்சா எங்களுக்கு வேற வழியில்ல. பொலிசுக்குச் சொல்லோணும். கொண்டுவந்த தரகரும் செஞ்ச ஆளும் உள்ள போவாங்க."

"பின்னேரம் சொல்லுறன் பிள்ளை," என்றாள் நிறஞ்சலா. "வீட்டுக்காரரும் வரட்டும்."

* * *

அருள்நாயகியை வீட்டுக்குக் கூட்டிவந்து, சோறு போட்டு, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருத்தினாள். அவளுக்குப் பின்னேர பஸ் இருந்தது. மகள் மதுஷிகா ரியூஷனுக்குப் போயிருந்தாள்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு நிறஞ்சலா அலுமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் துணிப்பை. உள்ளே பூமுடி இருந்தது. முக்காடு இருந்தது. பாதி எரிந்த மெழுகுதிரி இருந்தது. சட்டை இல்லை.

அது முதலில் அவளுடைய புதுநன்மைச் சட்டை. தாய் தைத்தது. இந்தக் கரையில் அப்படியொரு சட்டை வீட்டில் இருந்தால் அது ஒருத்தியோடு நிற்பதில்லை. சின்னம்மாவின் மகளுக்குப் போகும், மாமியின் மகளுக்குப் போகும். ஒருத்திக்கு ஒடுக்குவார்கள், இன்னொருத்திக்கு இறக்குவார்கள். கடைசியில் திரும்பி அலுமாரிக்கு வரும். அப்படித்தான் அது மதுஷிகாவுக்கு வந்தது.

கொரோனாவால் புதுநன்மை தள்ளித் தள்ளிப் போனதில் பிள்ளை வளர்ந்துவிட்டாள். முதல்நாள் போட்டுப் பார்த்தால் சட்டை முழங்காலுக்கு மேலே நின்றது. மன்னார் ரவுணில் ஸப்ராஸின் கடையில் அகல லேஸ் வாங்கிவந்து நிறஞ்சலா மெஷினில் இருந்தாள். பாதியில் வெள்ளை நூல் முடிந்தது. கடை பூட்டியாயிற்று. சந்தன நிற நூல்தான் இருந்தது. அவள் அழாக்குறையாக நின்றபோது றொஷான்தான் சொன்னார்: "தைச்சு முடி. ஆர் குனிஞ்சு பாக்கப் போகினம்?"

அது கொன்ஸ்ரன்ரைன் செத்து இரண்டாவது வருடம்.

செத்தவன் தைத்த பாயில், அவன் செத்த பிறகு அவள் தைத்த லேஸ்.

நிறஞ்சலா கட்டிலில் இருந்தாள். அழுகை வரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக யோசித்தாள்.

பாயை இணைத்திருந்த வலைநூல் தையலை அவள் பார்த்திருந்தாள். அது அண்ணனின் தையலேதான். அவன் பக்கத்தில் இருந்து அதைப் பழகியவர்கள் இரண்டு பேர். ஒன்று அவள். மற்றது கிறிஸ்ரி, கட்டார் போவதற்கு முன்னர்.

வேறு எவனாவது செய்திருந்தால், பழைய வெள்ளைத் துணி எங்கே கிடைத்தாலும் வெட்டி எடுத்து ஒட்டியிருப்பான். லேஸையும் வெட்டி எறிந்திருப்பான். இவன் வெட்டவில்லை. அண்ணன் போட்ட ஒழுங்கை மீற இவனுக்குக் கை வரவில்லை. சட்டையை முழுதாக வைத்திருக்கிறான்.

அந்த லேஸ் புதிது என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவன், அந்த நேரம் வீட்டில் இல்லாதவன் மட்டும்தான். கட்டாருக்கு அவள் அனுப்பிய படத்தில் மதுஷிகா மெழுகுதிரியோடு நின்றாள். இடுப்புக்கு மேலே மட்டும். கிறிஸ்ரிக்கு அது இன்றைக்கும் "அக்காவின்ரை பழைய சட்டை."

அவள் அலுமாரியைப் பூட்டினாள். திறப்பை எப்போதும் போலக் கதவின் மேற்சட்டத்தில் வைத்தாள். எடுப்பது எவ்வளவு சுலபம்.

* * *

கிறிஸ்ரி கரையில், தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தில் சாய்ந்து இருந்தான். அக்காள் வருவதைத் தூரத்திலேயே கண்டுவிட்டான். எழும்பவில்லை.

"லேஸ் எப்ப வைச்சது தெரியுமோடா?" என்றாள் நிறஞ்சலா.

"எந்த லேஸ்?"

"என்ரை புதுநன்மைச் சட்டையிலை."

கிறிஸ்ரி அவளைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். "அம்மா வைச்சது எண்டு நினைச்சன்," என்றான்.

அவ்வளவுதான். மறுக்கவில்லை. அவள் மணலில் இருந்தாள். இவன் சின்னவனாக இருந்தபோது இதே கரையில் நண்டு பிடித்து அவளுடைய பாவாடையில் விட்டவன். அந்த நினைப்பு ஏன் இப்போது வருகிறது என்று அவளுக்குக் கோபமாக இருந்தது.

"ஏன்ரா?"

"அந்தத் தரகன் மூண்டு தரம் வந்தவன். பாய் எங்கையெண்டு கேட்டான். தெரியாது எண்டன். அப்ப உனக்குத் தைக்கத் தெரியுமோ எண்டான்." கிறிஸ்ரி மணலை அள்ளி விட்டான். "காசும்தான் அக்கா. இல்லையெண்டு பொய் சொல்ல மாட்டன். கட்டாரிலை இருந்து வெறுங்கையோடை வந்தனான். ஆனா காசு மட்டும் இல்லை. அந்த அம்மா வருசா வருசம் வந்து கேக்கிறதை நான் பாத்தனான். ஒரு பாய் வந்து தொங்கினா, அதுக்கு ஒரு ஆறுதல் எண்டு நினைச்சன்."

"ஆறுதலோ?" நிறஞ்சலாவின் குரல் உயரவில்லை. "நீ வானடியிலை போய் நிண்டாய். உனக்குக் கேட்டிராது. அந்த மனுசி லேஸைப் பிடிச்சுப் பாத்திட்டு, நான் லேஸ் வைக்கேல்லையே எண்டா. பிறகு, இல்லை வைச்சிருப்பன் எண்டா. பெத்த பிள்ளையின்ரை சட்டையை மறந்துபோனன், நான் என்ன தாய் எண்டா."

கிறிஸ்ரியின் கை மணலில் நின்றது.

"அவவிட்டை மிச்சம் இருந்தது அந்த ஞாபகம் ஒண்டுதான். நீ அதிலை கை வைச்சிட்டாய்."

அவன் முழங்காலில் முகத்தை வைத்தான். தோள் குலுங்கியது. அவள் தொடவில்லை. அலை வந்து வள்ளத்தின் அடியில் முட்டிப் போனது.

கொஞ்சம் அடங்கிய பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "நீ கையெழுத்து வைக்காதை. நான் போய் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுறன். நான்தான் தைச்சனான் எண்டு."

"உள்ளுக்கு வைப்பாங்கள்."

"வைக்கட்டும்."

இரண்டு அடி போனவனை நிறஞ்சலா கூப்பிட்டாள். காலையிலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்த வேறொன்று இருந்தது.

"கிறிஸ்ரி, நில். அண்ணன் தைச்ச பாய் ஆரோ களவெடுத்தவன் கையிலை எங்கையோ கிடக்கு. நீ அதே மாதிரி ஒண்டைத் தைச்சு வித்து, அது ஊரெல்லாம் பேர் எடுத்த பிறகு, மற்றவன் உண்மைப் பாயோடை வந்து நிண்டா என்ன செய்வாய்? அந்தப் பயம் உனக்கு வரேல்லையோ?"

கிறிஸ்ரி திரும்பவில்லை.

"அது வராது அக்கா."

"ஏன் வராது?"

"வராது எண்டு தெரிஞ்சபடியால்தான் தைச்சனான்."

"ஆர் சொன்னது உனக்கு?"

காற்று அவனுடைய சேர்ட்டை உப்ப வைத்தது. மண்டபப் பக்கம் பார்த்தபடியே சொன்னான்: "பூட்டு உடைச்சது கள்ளன் இல்லை. மிச்சத்தை நான் சொல்ல ஏலாது. அத்தானைக் கேள்."

* * *

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவள் மண்டபத்தைக் கடந்தாள். திறந்த கதவினூடாக கிறிஸ்ரி இர்ஷானாவுக்கு முன்னால் நிற்பது தெரிந்தது. இர்ஷானா வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தாள். நிறஞ்சலா உள்ளே போகவில்லை. தம்பி தான் சொல்லவேண்டியதைத் தானாகவே சொல்லட்டும்.

அவளுக்கு இப்போது வேறு நினைப்பு. அண்ணன் செத்த நாட்களில் அவள் அடைபட்டுக் கிடந்தாள். கிறிஸ்ரி கட்டாரில். முசலிப் பக்கம் மீன்வாடியில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்த றொஷான் ஒருவர்தான் வந்து இந்த வீட்டில் நின்றவர். பூட்டு உடைந்ததைக் கண்டவரும் அவர்தான். பொலிசுக்குப் போனவரும் அவர்தான்.

பாய் கிடைத்துவிட்டது என்று அவள் அழுதபோது, அது பொய்ப் பாய் என்று தெரிந்துகொண்டே முதுகைத் தடவியவரும் அவர்தான்.

விறாந்தையில் அருள்நாயகி எழும்பிப் பையை மடித்து வைத்திருந்தாள். பஸ்ஸுக்குப் போக ஆயத்தம். காலையில் பார்த்த முகத்தைவிட இப்போது ஒரு தெளிவு இருந்தது. அதைக் கண்டதும் நிறஞ்சலாவுக்கு ஒரு கணம் கால் பின்வாங்கியது. சொல்லாமல் விட்டால் இந்த மனுசி இதே முகத்தோடு பஸ் ஏறிவிடும்.

"அம்மா, இருங்கோ. ஒண்டு சொல்லவேணும்."

"பஸ் போயிடும் பிள்ளை."

"இருங்கோ அம்மா."

அருள்நாயகி இருந்தாள். நிறஞ்சலா அவளுடைய காலடியில் நிலத்தில் இருந்தாள். எப்படித் தொடங்குவது என்று வழிநெடுக யோசித்து வந்ததெல்லாம் போய்விட்டது.

"காலமை நீங்கள் தொட்டது மெற்றில்டாவின்ரை சட்டை இல்லை. அது என்ரை மகளின்ரை. இந்த வீட்டு அலுமாரியிலை இருந்து போனது. பாயும் அண்ணன் தைச்சதில்லை. தம்பி தைச்சவன்."

அருள்நாயகி கையிலிருந்த பையை நிலத்தில் வைத்தாள்.

"லேஸ் நான் தைச்சது அம்மா. நீங்கள் வைக்கேல்லை. உங்கடை ஞாபகம் சரி."

அருள்நாயகியின் தலை மெல்ல ஆடியது. ஏச்சு வரும் என்று நிறஞ்சலா குனிந்து காத்திருந்தாள். வரவில்லை.

"நான் லேஸ் வைக்கேல்லை," என்றாள் அருள்நாயகி. "ஓம். வைக்கேல்லை. கழுத்தடியிலை ரெண்டு பூ தைச்சனான். நீல நூலாலை. வெள்ளைச் சட்டையிலை நீலப் பூ வைச்சா பங்குச் சுவாமி ஏசுவார் எண்டன். அவள் கேக்கேல்லை. நீலம்தான் வேணுமெண்டு நிண்டவள்." விரலால் தன் கழுத்தடியைத் தொட்டுக் காட்டினாள். "இஞ்சை. இஞ்சை ரெண்டு."

கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. அவளிடம் அந்தப் பூக்கள் திரும்பி வந்திருந்தன. அவற்றை இழந்துவிடப் பார்த்தோம் என்பதும் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது போலும். நிறஞ்சலாவின் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

பிறகு கேட்டாள்.

"அப்ப, என்ரை பிள்ளையின்ரை எங்கை?"

பிள்ளை எங்கே என்று அவள் எத்தனையோ இடத்தில் கேட்டிருக்கிறாள். தெருவோரப் போராட்டக் கொட்டகையில் பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தியிருந்த மற்றத் தாய்மாரோடு, கையில் படம் இல்லாமல் இருந்து கேட்டிருக்கிறாள். அரச கந்தோர் கந்தோராகப் போய்க் கேட்டிருக்கிறாள். வந்த ஆணைக்குழுக்களிடம் கேட்டிருக்கிறாள். கேட்ட இடமெல்லாம் எழுதிக்கொண்டார்கள், போகச் சொன்னார்கள். பதில் தெரிந்த ஆள் எவரும் ஒருநாளும் அவளுக்கு முன்னால் வந்து நின்றதில்லை.

படலையில் மோட்டார் சைக்கிள் நின்றது.

றொஷான் இறங்கினார். ஹெல்மெட்டோடு, மீன் பையோடு முற்றத்துக்கு வந்தவர் விறாந்தையில் இருவரையும் கண்டு நின்றார். அருள்நாயகி மறுபடியும் அதையே கேட்டாள். அது அவருடைய காதில் விழுந்துவிட்டது என்பதை நிறஞ்சலா கண்டாள். பையிலிருந்து தண்ணீர் அவருடைய காலில் சொட்டியது. அவர் காலை நகர்த்தவில்லை.

"நிறா…" என்றார்.

நிறஞ்சலா எழும்பினாள். சுவரோடு கிடந்த மற்றக் கதிரையை இழுத்து, அருள்நாயகிக்கு நேர் எதிரே போட்டாள்.

"வாங்கோ. வந்து இதிலை இருங்கோ. அம்மா ஒண்டு கேக்கிறா."

வீதியில் பின்னேர பஸ்ஸின் கோன் கேட்டது. கிட்ட வந்து, வாசலைத் தாண்டிப் போனது. அருள்நாயகி திரும்பிப் பார்க்கவில்லை. மடித்த பையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு றொஷானைப் பார்த்தாள். அந்த முகத்தில் எதைக் கண்டாளோ, மெல்ல நிமிர்ந்து இருந்தாள்.

கதிரை வெறுமையாகவே இருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. காத்திருந்து அவளுக்குப் பழக்கம்.